பிள்ளை வாய் திறந்த பின்

நல்லூர்க் கொடியேற்றம் முடிந்து சில நாட்கள் கழிந்த ஒரு பின்னேரம், எனக்குத் தெரிந்த இளந்தாய் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்து, உள்ளே வரச் சொல்லியும் வராமல் முற்றத்து மாமர நிழலிலேயே நின்றார். "ரீச்சர், பெடியன் ஒரு கதை சொல்லுறான். அது உண்மையோ, இல்லாட்டிக் கட்டிச் சொல்லுறானோ எண்டு நீங்கள்தான் ஒருக்காக் கேட்டுச் சொல்லவேணும்" என்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகளில் நீண்ட காலம் கற்பித்து, கடைசி ஆண்டுகளில் ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பையும் வகித்து ஓய்வு பெற்றவள் என்பதால், இப்படியான விடயங்களுக்கு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. பையன் சொன்னது, தெரிந்த ஒருவர் தன்னைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்ததைப் பற்றி. ஆனால் அன்று நான் அந்தப் பையனிடம் ஒன்றையும் கேட்கவில்லை. கேட்க முடியாது என்று தாயிடம் சொல்லிவிட்டேன். ஏன் மறுத்தேன் என்பதையும், அதற்குப் பதிலாக அவரிடம் என்ன சொன்னேன் என்பதையும் அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். பிள்ளையை எவரும் இனங்காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

மறுத்ததற்குக் காரணம் என்னுடைய பழைய பிழை ஒன்று. ஆலோசனைப் பொறுப்பை ஏற்ற முதலாவது ஆண்டில், ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இடைவேளை நேரத்தில் என்னிடம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு ஒரேயொரு வசனம் சொன்னாள். நான் அவளை நம்பினேன். நம்பியபடியேதான், எங்கே நடந்தது, எந்த நாள், வீட்டில் வேறு யார் நின்றார்கள், ஏன் கத்தவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். பிறகு அவளைக் கையில் பிடித்து மேலதிகாரி ஒருவரிடம் கூட்டிச் சென்றேன்; அவர் தன் பங்குக்குக் கேட்டார்; அவர் அழைத்த இன்னும் இருவரும் கேட்டார்கள். பாடசாலை விடுவதற்குள் நான்கு பெரியவர்கள் அந்த ஒரு வசனத்தை நான்கு விதமாகப் பிரித்துப் பார்த்துவிட்டோம். "முதல் சொன்னதும் இப்ப சொல்லுறதும் வேறையா இருக்கே பிள்ளை?" என்று நான்காவது ஆள் கேட்டபோது, அவள் என்னைப் பார்த்து, "நான் சும்மா சொன்னனான் மிஸ்" என்றாள். அந்தக் கணத்தில் எங்கள் நால்வருடைய முகத்திலும் ஓர் ஆறுதல் வந்ததே, அதை நினைத்துத்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கம். அன்று பின்னேரம் அவள் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போனாள்.

பிள்ளைகள் சொன்னதைத் திரும்பப் பெறுவது பொய்க்கு அடையாளம் அல்ல என்பதை நான் பின்னாளில்தான் படித்து அறிந்தேன். ரோலண்ட் சமிட் என்ற அமெரிக்க உளமருத்துவர் 1983இல் எழுதிய கட்டுரை ஒன்றில், துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளை இரகசியத்தில் அடைபட்டு, செய்வதறியாது, அதற்கு இணங்கி வாழப் பழகி, மிகவும் பிந்தி, நம்புவதற்குக் கடினமான முறையில் துண்டு துண்டாக வெளியே சொல்லி, சுற்றியுள்ளோரின் கலவரத்தைக் கண்டு கடைசியில் "அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று மறுத்துவிடுவதையும் விபரித்திருக்கிறார். மறுக்கிற பிள்ளைகள் எல்லோரும் பாதிக்கப்பட்டவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. மறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு கதையை மூடிவிடக் கூடாது என்பதே இதன் பொருள். எங்கள் வீடுகளில் நடப்பதை இத்தனை ஆண்டுகள் பார்த்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்வேன்: பெற்றோர் பிள்ளையை நம்பாமல் விடுவது ஒரு பிழை என்றால், நம்பிவிட்டு அளவுக்கு மீறிக் கேட்டு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது அதைவிடப் பரவலான பிழை.

பிள்ளை நீங்கள் ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து, எதிரே உட்கார்ந்து சொல்லப்போவதில்லை. புட்டு அவியும்போது, மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வரும்போது, நித்திரைக்குப் போகுமுன் விளக்கை அணைத்த பிறகு, வேறு எதையோ பேசுவதைப் போலச் சொல்லும். "அந்த அண்ணையிட்டை இனிப் படிக்கப் போகேல்லை", "அந்த மாமா கூடாது" என்பதற்கு மேல் ஒன்றும் வராமலும் போகலாம். அது ஒரு பரீட்சை. நாங்கள் தாங்குவோமா என்று பிள்ளை பார்க்கிறது. அடுப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் போய் இருங்கள். உங்கள் முகம் மாறத்தான் செய்யும், ஆனால் குரலை மாறவிடாதீர்கள். "சொன்னது நல்லது அப்பன். உன்னில ஒரு பிழையும் இல்லை. இனி நான் பாத்துக்கொள்ளுறன்" என்ற அளவில் சொன்னால் போதும். அதற்கு மேல் பிள்ளை பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் மௌனத்தை நிரப்ப முயல வேண்டாம்.

கேட்டே ஆகவேண்டுமென்றால், பிள்ளையைப் பாதுகாக்கத் தேவையான அளவுக்கு மட்டும் கேட்கலாம்: யார், கடைசியாக எப்போது, இப்போது எங்காவது நோகிறதா. "பிறகு என்ன நடந்தது?" என்பது பிள்ளையைத் தன் சொற்களில் சொல்லவிடும் கேள்வி. "அவர் உன்னை இப்படித்தானே செய்தவர்?" என்பது எங்கள் சொற்களைப் பிள்ளையின் வாயில் வைக்கும் கேள்வி, நாளைக்கு, மேல் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி, தாய் சொல்லிக்கொடுத்ததைத்தான் பிள்ளை ஒப்புவிக்கிறது என்று வாதாடுவதற்கு அந்த ஒரு கேள்வியே போதுமானது. "ஏன்" என்ற சொல்லை அடியோடு விட்டுவிடுங்கள். "ஏன் போனனீ, ஏன் முந்தியே சொல்லேல்லை" என்று நாங்கள் பதைப்பில் கேட்பது பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாகவே விழுகிறது. பிள்ளை நித்திரையான பிறகு ஒரு கொப்பியை எடுத்து, அது சொன்ன சொற்களை அப்படியே, மழலையாக இருந்தால் மழலையாகவே, நாளும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள். நீங்கள் ஊகிப்பவற்றை அதே பக்கத்தில் கலக்க வேண்டாம்.

இரண்டு வாக்குறுதிகளைக் கொடுக்கக் கூடாது. ஒன்று, "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்பது. அதைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. மற்றது, தகப்பன்மார் வழக்கமாகக் கொடுப்பது: "அவனை வெட்டிப்போட்டுத்தான் மற்ற வேலை." இதைக் கேட்ட பிள்ளை தகப்பன் மறியலுக்குப் போகப்போகிறார், எல்லாம் தன்னால்தான் என்று எண்ணிக்கொண்டு, மறுநாள் காலையில் சொன்னதை விழுங்கிவிடும். தகப்பனின் கோபம் நியாயமானதே; ஆனால் அது வீட்டுக்குள் வந்தவுடன் எல்லோரும் தகப்பனைச் சமாதானப்படுத்தத் தொடங்க, பிள்ளை ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. சந்தேகத்துக்குரியவரின் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடுவதும் இந்த வகைதான். அது அவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுப்பதாக முடியும். கைத்தொலைபேசியில் இருந்தவை அழிக்கப்படும், பெரியவர்கள் கூடுவார்கள், பேச்சு தொடங்கும். எங்கள் பிள்ளையின் தொலைபேசியில் செய்திகளோ படங்களோ இருந்தால் அவற்றை அருவருப்பில் அழித்துவிடாமலும், ஆலோசனை கேட்கிறோம் என்று வேறு எவருக்கும் அனுப்பாமலும், தொலைபேசியை அப்படியே எடுத்து வைப்பதே சரி.

அண்மையில் நடந்த சம்பவமாக இருந்தால் எங்கள் வழக்கமே எங்களுக்கு எதிராக நிற்கும். மனம் கலங்கியவுடன் பிள்ளையைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தோய வார்ப்பதும், உடுப்பைச் சவர்க்காரம் போட்டு அலசுவதும் தாயின் கைக்குத் தானாக வருகிற வேலைகள். துடக்குக் கழிப்பதைப் போன்ற ஒரு நிம்மதியும் அதில் இருக்கிறது. அப்படிச் செய்ய வேண்டாம். உடுப்பைக் கழுவாமல், சொப்பிங் பையில் போட்டு இறுக்கிக் கட்டாமல், கடதாசிப் பையிலோ சுத்தமான கடதாசியிலோ சுற்றி எடுத்துக்கொண்டு அரச வைத்தியசாலைக்குப் போங்கள். முதல் 72 மணித்தியாலங்கள் முக்கியமானவை, எச்.ஐ.வி தொற்றைத் தடுக்கும் மருந்தை அந்த நேரத்துக்குள் தொடங்க வேண்டும், பருவமடைந்த பெண்பிள்ளை என்றால் கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரையையும் எவ்வளவு விரைவாகக் கொடுக்கிறார்களோ அவ்வளவு பயன். நாட்கள் கடந்துவிட்டால் போவதில் பயனில்லை என்று எண்ணவும் கூடாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையைப் போன்ற இடங்களில் சட்ட வைத்திய அதிகாரி பிள்ளையைப் பரிசோதித்து, நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவார். என்ன செய்யப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்கவும், பிள்ளைக்கு விளக்கும்படி வேண்டவும் உங்களுக்கு உரிமை உண்டு. துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளைகளில் பெரும்பாலானோரின் உடலில் பரிசோதனையின்போது காயம் ஒன்றும் தென்படுவதில்லை. ஆகவே "காயம் இல்லை" என்ற வசனத்தை "ஒன்றும் நடக்கவில்லை" என்று வாசித்து உறவினருக்கு அறிவித்துவிட வேண்டாம்.

முறைப்பாடு என்றதும் எங்கள் சனத்துக்கு ஒரு தயக்கம் வருவதை நான் குறைசொல்ல மாட்டேன். சீருடையைக் கண்டால் படலையைச் சாத்திப் பழகிய தலைமுறை நாங்கள். அதனால் பொலிஸ் நிலையம்தான் முதற் கதவு என்று நினைத்துப் பின்வாங்குகிறவர்களுக்கு மற்றக் கதவுகளையும் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். வைத்தியசாலைக்கே நேராகப் போனாலும் அங்கிருந்து பொலிசுக்குத் தகவல் போகும். பொலிஸ் நிலையத்துக்குப் போனால் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். பெண் உத்தியோகத்தர் வேண்டுமென்று சொல்லுங்கள். வாக்குமூலம் தமிழில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, முழுவதையும் வாசித்த பிறகு மட்டும் கையெழுத்திடுங்கள். விளங்காத மொழியில் எழுதிய தாளுக்குக் கையெழுத்திட்டுவிட்டு, பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று அழுத ஒரு தாயை எனக்குத் தெரியும்.

"பிள்ளையைக் கொண்டுபோய் ஹோமில விட்டிடுவாங்கள்" என்ற பயம் இன்னொன்று. குற்றம் சாட்டப்பட்டவர் அதே வீட்டில் இருந்து, பிள்ளைக்காக நிற்க ஒருவரும் இல்லாதபோது அந்த நிலை வரத்தான் செய்கிறது. தாயோ, அம்மம்மாவோ, சித்தியோ பிள்ளையின் பக்கம் உறுதியாக நின்று, பாதுகாப்பான வேறு வீட்டையும் காட்டக்கூடியதாக இருந்தால், அதை நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் நீதவானிடமும் சொல்லிக் கேட்கலாம். பயத்தினால் மூடி மறைத்த தாய்மாரிடமிருந்துதான் பிள்ளையைப் பிரிக்கும் நிலை விரைவாக வருகிறது என்பது என் அனுபவம்.

இனி ஊர். 2015ஆம் ஆண்டு வைகாசியில் புங்குடுதீவு மாணவி ஒருவர் கொல்லப்பட்டபோது கடைகள் பூட்டப்பட்டன, மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள், யாழ்ப்பாண நீதிமன்றச் சூழல் கொந்தளித்தது. 2017 புரட்டாதியில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஊர்வலங்களில் நடந்தவர்களில் எத்தனை பேர், தங்கள் வீட்டுப் பிள்ளை உயிரோடு வந்து முறையிட்டால் அதே குரலில் பேசுவார்கள் என்று நான் அப்போதே யோசித்தேன். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் நன்றாகத் தெரிந்தவர்கள். அவர் நல்ல பெறுபேறு எடுத்துக் கொடுக்கும் ரியூசன் ஆசிரியராக இருக்கலாம், கோயில் காரியங்களுக்கு முன்னுக்கு நிற்பவராக இருக்கலாம், வீடு கட்டக் காசு அனுப்பிவிட்டு விடுமுறைக்கு வந்து நிற்கும் உறவினராகவும் இருக்கலாம். அப்போது ஊர்வலம் வராது. "குமராகப் போற பிள்ளை, நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி வேண்டாமோ, மானம் போயிடும்" என்ற பேச்சுத்தான் வரும். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளையின் சம்மதத்தைச் சட்டம் சம்மதமாகவே ஏற்பதில்லை என்று தெரிந்திருந்தும், வயது வந்ததும் அவனுக்கே கட்டிவைப்போம் என்று தீர்ப்புச் சொன்ன பெரியவர்களையும் கண்டிருக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு வழக்கை விடுவதும், அம்மன் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கவைப்பதும் பெரியவர்களுக்கிடையிலான தீர்வுகள். பிள்ளை அடுத்த நாளும் அதே ஒழுங்கையால்தான் பள்ளிக்கூடம் போகவேண்டியிருக்கிறது.

ஆண்பிள்ளை என்றால் மானப் பேச்சுக்குப் பதிலாகச் சிரிப்பு வரும். என்னிடம் வந்த அந்தத் தாயின் மாமியார், "ஆம்பிளைப் பெடியனுக்குப் பெரிசா என்ன நடந்திடப் போகுது" என்றாராம். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றம், பாதிக்கப்பட்டது ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. அதே திருத்தம், இத்தகைய குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை இனங்காட்டும் விபரங்களை உரிய அனுமதியின்றி வெளியிடுவதையும் குற்றமாக்கியது. பிள்ளையின் படத்தையும் பாடசாலையின் பெயரையும் முகநூலில் போட்டு "நீதி வேண்டும்" என்று எழுதுகிறவர்கள், அது யாருடைய பாதுகாப்புக்காக இயற்றப்பட்டது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வழக்கு நீளும், அதை மறைத்து உங்களை அனுப்ப நான் விரும்பவில்லை. நீதவான் நீதிமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம், மேல் நீதிமன்றம் என்று கோவை நகர்வதற்குள் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதிய பிள்ளை சாதாரண தரத்துக்கு வந்துவிடுவதுண்டு. பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சான்றாக முன்வைக்க 1999ஆம் ஆண்டின் விசேட ஏற்பாடுகள் சட்டம் இடமளிக்கிறது; அந்த வசதியைப் பற்றி ஆரம்பத்திலேயே கேட்டு வைப்பது நல்லது. எவராவது மிரட்டினால், சமரசம் பேசி நெருக்கினால், 2023இல் புதுப்பிக்கப்பட்ட, பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கோரலாம்.

அந்த நீண்ட காலத்தில் வீட்டில் நடக்க வேண்டியது வழக்கமான வாழ்க்கைதான். பிள்ளை விளையாடப் போகட்டும். கணக்கு செய்யாவிட்டால் ஏச்சும் வாங்கட்டும். பாவம் பார்த்துப் பார்த்து வளர்க்கப்படும் பிள்ளை, தான் உடைந்துபோன ஒரு பொருள் என்று விளங்கிக்கொள்ளும். படுக்கையில் சிறுநீர் போவது, காரணமில்லாத வயிற்றுநோ, நித்திரையில் கத்துவது போன்றவை தொடர்ந்தால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். (இவை எல்லாம் பரீட்சைப் பயத்தினாலோ, வகுப்பில் வாங்கும் அடியினாலோ வரக்கூடியவையும்தான், இவற்றைக் கண்டவுடன் பிள்ளையைக் குடையத் தொடங்க வேண்டாம்.) தாய்க்கும் அழுவதற்கு ஓர் இடம் வேண்டும். பிள்ளையின் முன்னால் அல்லாமல், 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தோடு பேசலாம், அல்லது வாய்காக்கத் தெரிந்த ஒரு தோழியிடம் போகலாம்.

பெரியவர்களால் இலேசில் தாங்கிக்கொள்ள முடியாத ஒன்றும் உண்டு. தீங்கு செய்தவர் பிள்ளைக்குப் பிடித்தமானவராகவும் இருந்திருப்பார். பட்டம் கட்டிக் கொடுத்தவர், ஐஸ்கிறீம் வாங்கித் தந்தவர், சைக்கிளில் முன்னுக்கு வைத்து ஓட்டியவர். அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை பிள்ளையின் வாயிலிருந்து வந்தால் நாங்கள் திடுக்கிடுகிறோம், சிலர் அடிக்கவும் செய்கிறார்கள். அன்று முற்றத்தில் நின்ற அந்தத் தாய், நான் சொன்னவற்றைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், அடுத்த நாளே வைத்தியசாலைக்கும் அங்கிருந்து மற்ற இடங்களுக்கும் போனார். கொப்பியில் பையனின் சொற்களாக நான்கு வரிகள் மட்டும் இருந்தன. தன் சொல் ஒன்றையும் அவர் சேர்த்திருக்கவில்லை. மூன்று கிழமைகள் கழித்து, இராச்சாப்பாட்டு நேரத்தில் பையன், "அம்மா, அந்த அண்ணையை மறியலுக்கு அனுப்பிப்போடுவினமோ?" என்று கேட்டானாம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குத் தெரியாது அப்பன். அதை நீதவான்தான் சொல்லுவார். நீ சொன்னதால வாறது ஒண்டும் இல்லை, அவர் செய்ததால வாறது" என்றாராம். பையன் தலையாட்டிவிட்டு, சம்பல் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னானாம்.